லோட்டஸ்: குதிரை லாயம் முதல் வூகான் வரை

லோட்டஸ் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் ஹெத்தல் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம். காலின் சாப்மன் என்ற பொறியாளரால் 1952ல் தொடங்கப்பட்டது. எடை குறைந்த கார்களுக்காகப் பெயர் பெற்றது. 2017 முதல் சீனாவின் ஜீலி குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2022ல் சீனாவின் வூகான் நகரில் இதன் பெரிய மின்கார் ஆலை திறக்கப்பட்டது.

லோட்டஸ் தன் கார்களில் எவற்றை வைத்தது என்பதைவிட, எவற்றை வைக்காமல் விட்டது என்பதே அதன் வரலாற்றில் கூடுதலாகப் பேசப்படுகிறது. பவர் ஸ்டீயரிங், ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், தடம் மாறினால் எச்சரிக்கும் கருவி என்று மற்றவர்கள் சேர்த்துக்கொண்டே போன காலத்தில் லோட்டஸ் அவற்றைத் தவிர்த்தது, அல்லது மிகத் தாமதமாகவே ஏற்றது. அப்படித் தவிர்க்கும் உரிமை யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்பதைப் பிற்காலத்தில் சட்டங்கள் வரையறுத்தன.

தொடக்கம்

காலின் சாப்மன் 1928 மே 19 அன்று பிறந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தார். இந்தப் படிப்பு முக்கியமானது. பாலமோ கட்டடமோ கட்டுபவர், எந்த உறுப்பு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்கிட்டு, தேவையில்லாத இரும்பை நீக்குவார். சாப்மன் அதே கணக்கைக் காருக்குப் போட்டார். 1948ல் பழைய ஆஸ்டின் 7 காரை அடிப்படையாகக் கொண்டு தன் முதல் காரை உருவாக்கினார். 1952ல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, வடக்கு லண்டனின் ஹார்ன்சி பகுதியில் அவருடைய தந்தை நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்புறமிருந்த பழைய குதிரை லாயமே பட்டறையாக இருந்தது.

காரின் எஞ்சினை வலுவாக்கினால் நேர்ச்சாலையில் வேகம் கூடும். எடையைக் குறைத்தாலோ முடுக்கம், பிரேக், வளைவில் திரும்புதல் ஆகிய எல்லாமே மேம்படும். டயரும் பிரேக்கும் சுமக்கவேண்டிய பாரம் குறைவதால் அவற்றையும் சிறிதாக்கலாம். அதனால் எடை மேலும் குறையும். எளிமையாக்கு, பின்பு இலேசாக்கு என்னும் பொருளில் சாப்மன் பெயரோடு வழங்கும் வாசகத்தின் பின்னால் உள்ள பொறியியல் இதுதான்.

1957ல் வந்த லோட்டஸ் செவன் இந்தக் கொள்கையின் அப்பட்டமான வடிவம். குழாய்களால் ஆன சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, நான்கு சக்கரம், இரண்டு இருக்கை. கதவுகூட இல்லை. அன்றைய பிரிட்டனில் முழுமையாகச் செய்து விற்கப்படும் கார்களுக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் விற்று, வாங்குபவரே வீட்டில் கோர்த்துக்கொண்டால் அந்த வரி இல்லை. செவன் அப்படித்தான் பெரும்பாலும் விற்கப்பட்டது. கோர்க்கும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், காரைப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து முதலாகப் படித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. விதியின் ஓரத்தில் வண்டி ஓட்டும் பழக்கம் லோட்டஸுக்கு அப்போதே இருந்தது என்பதற்கு இந்தக் கதை போதும்.

1959ல் நிறுவனம் செஷன்ட் நகருக்கும், 1966ல் ஹெத்தலுக்கும் இடம் மாறியது. ஹெத்தல் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான தளம். அமெரிக்க விமானப்படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. போருக்குப்பின் கைவிடப்பட்ட ஓடுபாதைகள் லோட்டஸுக்குச் சோதனைத் தடமாயின. ஆலை வாசலிலிருந்து இறங்கினால் தடம். கார் ஒன்றைச் செய்து அன்றே ஓட்டிப் பார்த்து மறுநாள் திருத்தலாம். ஒரு சிறிய நிறுவனத்துக்கு இது பெரிய வசதி.

பந்தயக்களமும் அதன் விலையும்

பார்முலா 1 பந்தயத்தில் டீம் லோட்டஸ் 1963 முதல் 1978 வரை ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்றது. ஜிம் கிளார்க், கிரகாம் ஹில், யோகன் ரிண்ட், எமர்சன் ஃபிட்டிபால்டி, மரியோ ஆண்ட்ரெட்டி ஆகியோர் லோட்டஸ் கார்களில் உலகப் பட்டம் பெற்றனர். 1962ல் வந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு உடற்கூட்டையே சட்டகமாக்கியது. பிற அணிகளும் விரைவில் அந்த வழிக்கு வந்தன.

இந்த வெற்றிகளின் மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பயிற்சியின்போது ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18 காரின் பின்சக்கரம் கழன்றது. அவருடைய கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக் டெய்லர் ஓட்டிய மற்றொரு லோட்டஸின் ஸ்டீயரிங் தண்டு முறிந்தது. பலத்த காயமடைந்த டெய்லர் வழக்குத் தொடுத்து நிறுவனத்திடம் இழப்பீடு பெற்றார். 1970 செப்டம்பர் 5 அன்று இத்தாலியின் மான்சா தடத்தில் யோகன் ரிண்ட் இறந்தார். முன்சக்கர பிரேக் தண்டு உடைந்ததே விபத்தைத் தொடங்கி வைத்தது என்று கருதப்படுகிறது. தடத்தின் ஓரத்தில் சரியாகப் பொருத்தப்படாத தடுப்பு அவருடைய உயிரைப் பறித்தது. அந்த ஆண்டின் உலகப் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு பாகம் தேவையான அளவுக்கு இலேசாக இருக்கிறதா, அந்த எல்லையைத் தாண்டிவிட்டதா என்ற கேள்விக்குப் பல நேரங்களில் ஓட்டுநரின் உடலே விடை சொன்னது.

மின்னணுக் கருவிகளை லோட்டஸ் வெறுத்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தின் அசைவையும் கணினி கட்டுப்படுத்தும் 'ஆக்டிவ் சஸ்பென்ஷன்' முறையை 1980களில் பார்முலா 1 களத்துக்குக் கொண்டுவந்தது லோட்டஸ்தான். 1987ல் மொனாக்கோ பந்தயத்தை ஐர்டன் சென்னா அந்த முறை கொண்ட லோட்டஸ் 99டி காரில் வென்றார். பின்னர் ஆக்டிவ் சஸ்பென்ஷன், ஏபிஎஸ் முதலிய ஓட்டுநர் உதவிகளை 1994 முதல் பந்தயத்தில் தடை செய்தார்கள். ஓட்டுநரின் திறமை தெரியவேண்டும் என்பது காரணம். அவற்றுள் ஏபிஎஸ் போன்ற சில சாலைக் கார்களில் படிப்படியாகக் கட்டாயமாயின. பந்தயத்தில் ஓட்டுநர் தவறினால் அவர் தோற்பார், சாலையில் தவறினால் எதிரே நடந்து வருபவர் சாகலாம். இரண்டு விதிகளும் எதிரெதிர்த் திசையில் போனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

எலிஸ்

சாப்மன் 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பால் இறந்தார். அதன்பின் நிறுவனம் பல கைகள் மாறியது. 1986ல் ஜெனரல் மோட்டார்ஸ், 1993ல் புகாட்டி பெயரை அப்போது வைத்திருந்த ரொமானோ ஆர்ட்டியோலி, 1996ல் மலேசியாவின் புரோட்டான். இந்தக் குழப்பங்களின் நடுவே 1996ல் விற்பனைக்கு வந்த எலிஸ்தான் லோட்டஸைக் காப்பாற்றியது. ஆர்ட்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயர் காருக்குச் சூட்டப்பட்டது.

எலிஸின் சட்டகம் அலுமினியப் பட்டைகளால் ஆனது. அவற்றைப் பற்றவைக்காமல் பசை கொண்டு ஒட்டினார்கள். பற்றவைக்கும் வெப்பத்தில் அலுமினியம் வலுவிழக்கும் என்பதால் அதைத் தடிமனாக்க வேண்டியிருக்கும். ஒட்டினால் மெல்லியதாகவே வைத்துக்கொள்ளலாம். சட்டகத்தின் எடை 68 கிலோ மட்டுமே. முழுக் காரின் எடை சுமார் 725 கிலோ. ஒப்பிட்டுச் சொன்னால், நம் சாலைகளில் ஓடிய மாருதி 800 காரைவிடச் சற்றுக் கூடுதல். முதல் எலிஸில் ஏபிஎஸ் இல்லை, பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டர் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏர்பேக் இல்லை. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்து சேர்ந்தது. வாங்கியவர்கள் அதற்காகவே வாங்கினார்கள்.

அமெரிக்கச் சந்தையில் எலிஸ் நுழைந்தது 2004ல். அதற்காக ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்க்கப்பட்டன. ஆனால் உட்கார்ந்திருப்பவரின் உடலளவை அறிந்து விரியும் மேம்பட்ட ஏர்பேக்கை அங்கே விதி கேட்டது. ஆண்டுக்கு 10,000 கார்களுக்கு மேல் செய்யாத நிறுவனம், பொருளாதார நெருக்கடியைக் காட்டி, சில பாதுகாப்பு விதிகளிலிருந்து தற்காலிக விலக்குக் கேட்க அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. லோட்டஸ் கேட்டது, கிடைத்தது. 2011ல் விலக்கு முடிந்தது. அத்துடன் அமெரிக்கச் சாலைகளுக்கான எலிஸ் விற்பனையும் முடிந்தது.

இங்கே இரு தரப்பிலும் நியாயம் உண்டு. புதிய ஏர்பேக் ஒன்றை வடிவமைத்து, கார்களை மோதி நொறுக்கிச் சோதிக்கும் செலவு, பத்து லட்சம் கார் செய்யும் நிறுவனத்துக்கும் இரண்டாயிரம் கார் செய்யும் நிறுவனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. முன்னதில் அது ஒரு காருக்குச் சில டாலர், பின்னதில் நிறுவனத்தையே மூழ்கடிக்கும் தொகை. ஆனால் மோதலின் வேகத்துக்கு அந்தக் கார் எத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டது என்பது தெரியாது.

எலிஸ், அதன் உடன்பிறப்பான எக்சிஜ், சற்றுப் பெரிய எவோரா ஆகிய மூன்றும் 2021 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. எலிஸ் 35,124, எக்சிஜ் 10,497, எவோரா 6,117 என மொத்தம் 51,738 கார்கள். கடைசி எலிஸ் வரை பவர் ஸ்டீயரிங் வரவேயில்லை.

டெஸ்லா நிறுவனத்தின் முதல் காரான ரோட்ஸ்டர், எலிஸின் சட்டக முறையைத் தழுவி ஹெத்தலில் கோர்க்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஓட்டுநர் உதவி என்றதும் இன்று உலகம் முதலில் நினைக்கும் பெயர்களில் ஒன்று, அத்தகைய உதவி எதுவும் இல்லாத காரில் தொடங்கியது.

புதிய ஆலைகள்

2017ல் ஜீலி குழுமம் லோட்டஸின் 51 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. பல ஆண்டுகள் பணமின்றித் தவித்த நிறுவனத்துக்கு முதலீடு வந்தது. ஹெத்தலிலும் நார்விச்சிலும் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டு உற்பத்திக்கூடங்கள் புதுப்பிக்கப்பட்டன. கார்களைத் தள்ளுவண்டியில் நகர்த்திய இடத்தில், தாமே நகரும் மேடைகள் அவற்றைச் சுமந்து சென்றன. அங்கே செய்வதற்காக 2021 ஜூலை 6 அன்று எமிரா அறிமுகமானது. லோட்டஸின் கடைசிப் பெட்ரோல் கார் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. எடை சுமார் 1,400 கிலோ, அதாவது முதல் எலிஸைப்போல ஏறத்தாழ இரு மடங்கு.

வூகானில் கட்டப்பட்டது வேறு அளவில் இருந்தது. பத்து லட்சம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆண்டுக்கு 1,50,000 கார்கள் செய்யும் திறன். 2021ல் லோட்டஸ் உலகம் முழுவதும் விற்ற கார்கள் 1,710 மட்டுமே என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கனவின் அளவு விளங்கும். அங்கே செய்யப்படும் எலெட்ரே ஒரு மின்சார எஸ்யுவி. எடை ஏறத்தாழ இரண்டரை டன். 30க்கும் மேற்பட்ட உணரிகளும், ஒளிக்கதிரால் தொலைவை அளக்கும் நான்கு லிடார் கருவிகளும் அதில் உண்டு. தேவைப்படும்போது இவை வெளியே நீண்டு, பிறகு உள்ளே மறைந்துகொள்ளும். கருவி இருந்தாலும், அது தரும் உதவிகளில் எவற்றை எந்த நாட்டில் இயக்கலாம் என்பதை அந்தந்த நாட்டு விதிகளே தீர்மானிக்கின்றன. ஹார்ன்சி லாயத்தில் ஒரு திருகைக்கூட யோசித்து வைத்த சாப்மன் இந்தக் காரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ரசிகர்கள் விவாதிக்கத் தவறவில்லை.

சட்டமும் ஸ்டீயரிங் எண்ணெயும்

ஐரோப்பிய ஒன்றியம் 2019 நவம்பரில் வாகனங்களுக்கான பொதுப் பாதுகாப்பு விதியைத் திருத்தியது. தானியங்கி அவசர பிரேக், வேகவரம்பை நினைவூட்டும் அமைப்பு, ஓட்டுநரின் அயர்வை எச்சரிக்கும் அமைப்பு, பின்னால் வரும்போது தடையை உணரும் கருவி, தடம் விட்டு விலகும் காரைத் திருப்பும் அவசரத் தடக் காப்பு ஆகியவை கார்களில் கட்டாயமாயின. புதிதாக ஒப்புதல் பெறும் மாடல்களுக்கு 2022 ஜூலை 6, புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் 2024 ஜூலை 7 என நாள் குறிக்கப்பட்டது. இவ்விதிகளால் 2038க்குள் 25,000க்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்படும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு.

இந்த நாட்கள் சில ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மரண நாளாயின. டொயோட்டா தன் ஜிஆர்86 காரை ஐரோப்பாவில் இரண்டே ஆண்டுகள்தான் விற்கமுடியும் என்று அறிவித்தே விற்றது. கேமராவும் ரேடாரும் பொருத்த அதன் உடலமைப்பைத் திருத்துவது, விற்பனைக்கு ஏற்ற செலவாக இல்லை.

எமிராவின் நிலை வேறு. எச்சரிக்கைகளும், முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் வசதியும் அறிமுகத்தின்போதே கூடுதல் விருப்பங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால் அதன் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. இந்த நுணுக்கத்தைச் சற்று விளக்கவேண்டும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவை மின்மோட்டாரால் உதவி பெறும் ஸ்டீயரிங் கொண்டவை. மோட்டாருக்குக் கணினி ஆணையிட முடியும். ஓட்டுநர் தொடாமலே சக்கரத்தைத் திருப்பலாம். ஹைட்ராலிக் வகையில் அழுத்தமேற்றிய எண்ணெய் உதவுகிறது. ஓட்டுநர் திருப்பத் தொடங்கிய பிறகே வால்வு திறந்து எண்ணெய் பாயும். கணினி பிடித்துத் திருப்புவதற்கு அங்கே மோட்டார் இல்லை. மாறாக, சாலையிலிருந்து வரும் அதிர்வு மோட்டாரில் வடிகட்டப்படாமல் கைக்குக் கிடைக்கும். லோட்டஸ் ஹைட்ராலிக்கை விடாமல் பிடித்திருந்தது இதற்காகத்தான். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மெல்லப் பிரேக் பிடித்தும் காரைத் தடத்துக்குத் திருப்பலாம். ஆனால் அதற்கும் தனி வடிவமைப்பும் சோதனையும் தேவை.

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கொண்ட வாகனங்களுக்குத் தடக் காப்பு விதியில் மட்டும் ஈராண்டு அவகாசம் தரப்பட்டது. புதிய மாடல்களுக்கு 2024 ஜூலை 7, எல்லாப் பதிவுகளுக்கும் 2026 ஜூலை 7. அதுவரை காரைத் திருப்பவேண்டியதில்லை, தடம் விலகினால் எச்சரித்தால் போதும். பெரும்பாலோர் படிக்காமல் கடந்துவிடும் பிற்சேர்க்கைக் குறிப்பு அது. நார்ஃபோக்கில் ஒரு காரின் ஐரோப்பிய எதிர்காலம் அத்தகைய வரிகளில் எழுதப்பட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிவிட்ட பிரிட்டன் இந்த விதிகளைத் தன் பெருநிலப்பரப்பில் அப்படியே நடைமுறைப்படுத்தவில்லை. தாயகத்தில் கட்டாயமில்லாத கருவி, கடலைத் தாண்டினால் கட்டாயம் என்ற நிலை உருவானது.

லோட்டஸைப் பிறகு தாக்கியவை பாதுகாப்பு விதிகள் அல்ல, சுங்க வரிகள். சீனாவில் செய்த மின்கார்களுக்கு அமெரிக்கா 2024ல் 100 விழுக்காடு வரி விதித்தது. எலெட்ரேவின் முக்கியச் சந்தை ஒன்று அடைபட்டது. அந்த ஆண்டு மொத்த விற்பனை 12,000ஐச் சற்றுத் தாண்டியது. வூகானின் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2025ல் பிரிட்டனிலிருந்து போகும் கார்களுக்கும் அமெரிக்க வரி உயர, ஹெத்தலில் உற்பத்தி சில வாரங்கள் நின்றது. ஆலை மூடப்படலாம் என்ற செய்தி பரவியபோது நிறுவனம் மறுத்தது. ஆகஸ்டில், பிரிட்டனில் 550 பேர் வரை வேலையிழக்கக்கூடும் என்று அதுவே அறிவித்தது. சுற்றுவட்டாரத்தில் தலைமுறைகளாக அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு.

டார்ட்ஃபோர்டு

லோட்டஸின் மூத்த பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்தது. 1973ல் பிரிட்டனில் கொள்முதல் வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தபோது, பெட்டியில் விற்கும் காருக்கு இருந்த ஆதாயமும் போயிற்று. சாப்மன் செவன் காரின் உரிமையை அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். கிரகாம் நெர்ன் நடத்திய அந்த நிறுவனம் காரைக் கைவிடாமல் செய்துவந்தது. 2021ல் ஜப்பானின் விடி ஹோல்டிங்ஸ் அதை வாங்கியது. அதே ஆண்டு வந்த செவன் 170, சுசுகியின் 660 சிசி எஞ்சின் கொண்டது. எடை 440 கிலோ.

2023ல் கேட்டர்ஹாமும் புதிய ஆலைக்குக் குடிபெயர்ந்தது. கென்ட் மாவட்டத்தின் டார்ட்ஃபோர்டில் 54,000 சதுர அடிக் கட்டடம். ஆண்டுக்குச் சுமார் 500 கார்கள் என்றிருந்த உற்பத்தியை 750 வரை உயர்த்துவது நோக்கம். வூகான் ஆலை இரண்டு நாளில் செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கை. அங்கே செய்யப்படும் காரில் லிடார் இல்லை, கேமரா இல்லை, ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. விருப்பமுள்ளவர்கள் இன்றும் அதைப் பெட்டிகளில் வாங்கி வீட்டுக் கூடத்தில் தாங்களே கோர்த்துக்கொள்கிறார்கள். அப்படிக் கோர்த்த காரை அரசுச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு திருகும் சரியாக முடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டிச் சான்று பெற்ற பிறகே சாலைக்கு வரமுடியும்.